பழைய சி.ஆர்.பி.சி. புத்தகங்களை எடைக்குப் போடலாமா?

வாசகர் கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

அப்பா நாற்பது வருஷம் கிரிமினல் பிராக்டிஸ் செய்தவர். போன வருஷம் தவறிவிட்டார். இரண்டு பீரோ நிறைய சி.ஆர்.பி.சி., அதாவது 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகங்களும் தீர்ப்புத் தொகுப்புகளும் இருக்கின்றன. ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி இதெல்லாம் செல்லாது என்கிறான் தம்பி. பழைய பேப்பர்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான். செல்லாது என்பது உண்மைதானா?

11 ஆகஸ்ட், மதியம்

போடாதீர்கள். முதலில் பேப்பர்காரருக்கு போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் மிச்சத்தைப் படியுங்கள்.

புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கடைசிப் பிரிவு 531. பழைய சட்டத்தை ரத்து செய்வதே அந்தப் பிரிவுதான். ஆனால் அதே பிரிவு, 1 ஜூலை 2024-க்கு முன்பே நிலுவையில் இருக்கும் புலனாய்வு, விசாரணை, மேல்முறையீடு, மனு எல்லாம் 1973-ஆம் வருஷச் சட்டப்படியே நடந்து முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. நாளைக் காலை ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். கூப்பிடுகிற வழக்குகளில் பெரும்பாலானவை பழைய சட்டத்து வழக்குகள்தான். அவை முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

11 ஆகஸ்ட், இரவு

இன்னொன்று விட்டுப்போயிற்று. எண்கள்.

பழைய சட்டத்தில் முன்ஜாமீன் 438. உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் மனு 482. புதுச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கு 482-ஐக் கொடுத்துவிட்டார்கள். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. ஜூலை முதல் வாரத்தில் நான் ஒரு முன்ஜாமீன் மனுவில் கை பழக்கத்தில் 438 என்று அடித்துவிட்டேன். மனு ரிட்டர்ன் ஆகி வந்தது. ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளும் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகாமல் தங்கச்சி வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தார்.

ஊரில் எல்லாரும் சொல்லும் ‘144 போட்டிருக்காங்க’ இருக்கிறதே, அதுவும் மாறிவிட்டது. தடை உத்தரவு இப்போது 163. புதுச் சட்டத்தின் 144 மனைவி, பிள்ளை, பெற்றோருக்கான ஜீவனாம்சம், அதாவது பழைய 125. ஜனங்கள் பேச்சில் 144 இன்னும் ஐம்பது வருஷம் தடை உத்தரவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

புது எண்ணைப் புதுப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிரிவுக்கு என்ன அர்த்தம் என்று நீதிமன்றங்கள் சொன்ன ஐம்பது வருஷத்துத் தீர்ப்புகள் பழைய எண்ணில்தான் கிடக்கின்றன. கைதானவரைக் காவலில் வைப்பது பற்றிய புது 187-க்கு விளக்கம் தேடுகிறவர் பழைய 167-க்குத்தான் போக வேண்டும்.

13 ஆகஸ்ட்

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். அப்பாவின் புத்தகத்தில் 167-வது பிரிவு இருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது, பசை மஞ்சளாகிவிட்டது, கிழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிழிக்காதீர்கள். அது திருத்தச் சீட்டு.

1973 சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவில் அறுபது நாள் மட்டும்தான் இருந்தது. தொண்ணூறு நாள் என்பதை 1978 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். அப்போது புதுப் பதிப்பு வாங்கப் பணம் இல்லாதவர்கள் திருத்தத்தை மட்டும் வாங்கி, வெட்டி, அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். என் சீனியர் ஆபீசிலும் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. புரட்டும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் தானாக விரியும்.

14 ஆகஸ்ட்

அது என்ன அறுபது, தொண்ணூறு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன், எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

ஒருவரைக் கைது செய்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் உள்ளே வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதுதான் ரிமாண்ட். 1898 சட்டத்தில் புலனாய்வுக்காக மொத்தம் பதினைந்து நாள்தான் ரிமாண்ட். பல வழக்குகளில் அது போதவில்லை. அதனால் அரைகுறையாக ஒரு குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டு, வாய்தா கொடுக்கும் வேறொரு பிரிவைப் பிடித்துக்கொண்டு ஆளை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தார்கள். இந்தக் குறுக்கு வழியை அடைக்கத்தான் 1973-ல் காலக்கெடு வந்தது. இப்போது மரண தண்டனை, ஆயுள், பத்து வருஷமும் அதற்கு மேலும் என்கிற வகைக் குற்றங்களுக்குத் தொண்ணூறு நாள். மற்றதற்கு அறுபது. அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், ஆள் ஜாமீன் கொடுக்கத் தயார் என்றால், விட்டே ஆக வேண்டும். குற்றம் பெரிதா சிறிதா, சாட்சியைக் கலைப்பாரா என்ற பேச்சே கிடையாது. டீஃபால்ட் பெயில் என்போம்.

ஒரே ஒரு நிபந்தனை. குற்றப்பத்திரிகை வந்து சேருவதற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இருந்து, அதற்குள் அவர்கள் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போயிற்று.

2011-ல் நான் தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் ஜூனியர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், குடோனில் இருந்து அரிசி மூட்டையும் எடை மெஷினும் திருடியதாக இ.பி.கோ. 380-ல் கைதானார். ஏழு வருஷக் குற்றம், ஆகவே அறுபது நாள் கணக்கு. ஜனவரி 3, திங்கள்கிழமை ரிமாண்ட். ஏற்கெனவே ஒரு சின்ன வழக்கு நிலுவையில் இருந்ததால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் கிடைக்கவில்லை, செஷன்ஸிலும் தள்ளுபடி. மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக அவர் மனைவியிடம் காசு இல்லை. அறுபது நாள் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

நாள் எண்ணுவது என் வேலை. ஆபீஸ் தினசரி காலண்டரில் பென்சிலால் எண் போட்டு வந்தேன். ரிமாண்ட் ஆன நாளை விட்டுவிட்டு மறுநாளில் இருந்து எண்ண வேண்டும் என்பது சட்டம். அப்படி எண்ணினால் மார்ச் 4, வெள்ளி, அறுபதாவது நாள். அன்று சாயங்காலம் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. ஒரே நாளில் கை நழுவிப் போயிற்று. போலீஸ் நேரத்துக்குள் போட்டார்கள், நாம் என்ன செய்ய முடியும் என்றார் சீனியர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

15 ஆகஸ்ட்

‘போலீஸ் ஒரு நாள் தாமதம் செய்தால் திருடனை வெளியே விட்டுவிடுவதா, இது நீதியா’ என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பொருள் பறிகொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தும் வழக்கு நடத்தியிருக்கிறேன்.

ஆனால் அறுபதாவது நாள் அன்று அவர் திருடன் என்று யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே விசாரணை. அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971-ல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் நடைமுறைகளை வகை பிரிக்கிறார். ஒரு கேக்கைச் சமமாகப் பங்கிட வேண்டுமானால் வெட்டுகிறவர் கடைசித் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தால் போதும், அவரே சமமாக வெட்டிவிடுவார். எது சரி என்று முன்பே தெரியும், அதைக் கொண்டுவரும் வழியும் கையில் இருக்கிறது. இது முழுமையான வகை. முழுமையற்ற வகைக்கு அவர் காட்டும் உதாரணமே குற்ற வழக்கு விசாரணைதான். குற்றம் செய்தவனுக்கு மட்டும் தண்டனை என்பது நமக்குத் தெரிந்த இலக்கு. ஆனால் எவ்வளவு கவனமாக நடத்தினாலும் தவறாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் நடைமுறை உலகத்தில் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். தவறு நடக்கவே நடக்காது என்று உறுதி இருந்தால், முடிவு தெரியும்வரை ஆளை உள்ளே வைத்திருப்பதில் நட்டம் இல்லை. அந்த உறுதி இல்லாத இடத்தில், தெரியாமல் ஒருவரை அடைத்து வைக்கும் நாட்களுக்கு ஒரு வேலி வேண்டும். அறுபது என்பது அந்த வேலி. வெளியே வந்தாலும் வழக்கு அப்படியேதான் இருக்கும், விசாரணை நடக்கும், நிரூபித்தால் தண்டனை உண்டு. வெளியே வந்து மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யலாம். பின்னால் வரும் குற்றப்பத்திரிகையில் பலமான காரணம் இருந்தாலும் ரத்து செய்யக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

18 ஆகஸ்ட், காலை

14-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு பெரிய பிழை. அழிக்காமல் இங்கேயே திருத்துகிறேன்.

ரிமாண்ட் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்று எழுதினேன். தவறு. இதைப் படித்த என் நண்பர், சென்னையில் பிராக்டிஸ் செய்கிறவர், நேற்று ராத்திரி கூப்பிட்டார். 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு அமலாக்கத் துறை வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது: ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் 61-வது நாளோ 91-வது நாளோ டீஃபால்ட் பெயில் கேட்க உரிமை வந்துவிடும். தீர்ப்பு வந்தபோதே நானும் படித்தேன். அதற்குப் பிறகு வந்த வழக்குகளில் சரியாகத்தான் எண்ணுகிறேன். ஆனால் 2011 கதையைச் சொல்ல உட்கார்ந்ததும் 2011-ன் கணக்கே கைக்கு வந்துவிட்டது.

18 ஆகஸ்ட், இரவு

மத்தியானம் பரணில் இருந்து 2011 டைரியை எடுத்தேன். ஜனவரி 3-ல் இருந்து எண்ணினேன். ஜனவரியில் 29 நாள். பிப்ரவரி முடிய 57. மார்ச் 1, 2, 3. அறுபது மார்ச் 3-லேயே முடிந்துவிடுகிறது. மார்ச் 4 என்பது அறுபத்தொன்று.

‘4.3.11 மாலை சா.ஷீ. தாக்கல்’ என்று, சார்ஜ் ஷீட்டைச் சுருக்கி, என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று காலை பத்தரைக்கு ஒரு மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அவர் வெளியே வந்திருக்க வேண்டியவர்.

அன்றைய சட்டப்படி நாம் எண்ணியது சரிதானே என்று நண்பர் ஆறுதல் சொன்னார். முழுக்கச் சரி இல்லை. 2023 அமர்வு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1986-ல் ஆந்திரத்தில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடு ரிமாண்ட் உத்தரவு தேதியில் இருந்து ஓடும் என்று சொன்னது. 1995-ல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் வேறு அமர்வு அதைக் கவனிக்காமல் முதல் நாளை விட்டு எண்ணச் சொன்னது. எல்லாரும் 1995-ஐப் பிடித்துக்கொண்டோம், அதுதான் புதியது என்பதால். 2023-ல் 1986-தான் சரி என்றார்கள்.

அந்த 1986 தொகுப்பு சீனியர் ஆபீசில் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அடுக்கில்தான் இருந்தது. நான் ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்திருந்தால் மாஜிஸ்திரேட் ஒத்துக்கொண்டிருப்பாரா, தெரியாது. வாதாடியாவது பார்த்திருக்கலாம்.

19 ஆகஸ்ட்

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு.

ஜூன் வரை உள்ளே இருந்தார். வாய்தாவுக்கு அழைத்து வரும்போது கோர்ட் வேப்பமரத்தடியில் கைவிலங்குக் கயிற்றோடு உட்கார்ந்திருப்பார். மனைவி டீ வாங்கிக் கொடுப்பார், கூட வந்த காவலருக்கும் சேர்த்து. ஜூன் 13 அன்று குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டால் இதுவரை உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துவிடுவார்கள், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ வேனில் வரும்போது சொல்லியிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டார். விசாரணைக் கைதியாக இருந்த காலத்தைக் கழிக்கும் பிரிவு 428, இப்போது 468. அவருக்கு அது 162 நாள். அதில் அறுபது போக 102.

அவர் எடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுக்கவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார். ரெக்கார்டில் அவர் குற்றவாளி.

21 ஆகஸ்ட்

‘எண்ண வேண்டியது வக்கீல் மட்டும்தானா’ என்று கேட்டிருக்கிறார் முதலில் எழுதியவர். சரியான கேள்வி. எனக்கு இதைப் பற்றி எண்ணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1979-ல் பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கு வந்தது, ஹுசைனாரா காத்தூன் வழக்கு. கிடைக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையை விடவும் அதிக காலம் விசாரணை இல்லாமலே உள்ளே கிடந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஜாமீன் கேட்க உரிமை இருக்கிறது என்பதே தெரியாத ஏழைகளுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்குகிறது. 2017-ல் அசாம் வழக்கு ஒன்றில், எழுத்து மனுவே வேண்டாம், வாயால் கேட்டாலும் போதும் என்றது உச்ச நீதிமன்றம்.

சென்னையில் போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது ஒன்று. அங்கே கெடு 180 நாள். முடிந்த மறுநாள், 2019 பிப்ரவரி 1, காலை 10.30-க்கு மனு தாக்கல். வாதம் நடக்கிறது. மாலை 4.25-க்குப் புலனாய்வுத் தரப்பு கூடுதல் புகாரை, அங்கே குற்றப்பத்திரிகை மாதிரி, கொண்டுவந்து கொடுக்கிறது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. காலையில் கேட்ட உரிமையை மாலையில் வந்த தாள் பறிக்காது என்றார்கள். அந்தத் தீர்ப்பிலும் முதல் நாளை விட்டே எண்ணியிருக்கிறார்கள், அந்தப் பகுதி 2023-ல் அடிபட்டுப் போயிற்று. மற்றது நிற்கிறது.

கொரோனா ஊரடங்கிலும் இது வந்தது. மனு, மேல்முறையீடு எல்லாவற்றுக்கும் கெடுவை நீட்டியாயிற்று, குற்றப்பத்திரிகைக்கும் அது பொருந்தும் என்று 2020 மே மாதம் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி சொன்னார். சில நாள் முன்புதான் அதே உயர் நீதிமன்றத்தில் இன்னொரு நீதிபதி நேர்மாறாகச் சொல்லியிருந்தார். மதுரைக் கிளையில் வந்தது சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு. ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் ஜாமீன் கொடுத்தது. ஊரே அடைந்து கிடந்தாலும் சிறைக்குள் இருப்பவரின் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதுதான் அதன் சாரம்.

இத்தனைக்கும் பிறகும் உரிமை கேட்டவருக்குத்தான் கிடைக்கிறது. ரிமாண்டை நீட்டிக் கையெழுத்துப் போடும் மாஜிஸ்திரேட்டுக்கு அந்தத் தாளிலேயே முதல் ரிமாண்ட் தேதி தெரியும். ‘இன்று 61-வது நாள், ஜாமீன் கொடுக்கிறாயா’ என்று அவரே கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கலாம். 1973-ஐ மாற்றி 531 பிரிவுகளில் புதிதாக எழுதினார்களே, அதில் இந்த ஒரு வரிக்கு இடம் இல்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம்.

25 ஆகஸ்ட்

ஒரு சேர்க்கை. 61-வது நாள் உத்தரவு கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கொண்டுவரும்வரை உள்ளேதான். அதையும் அந்தப் பிரிவிலேயே ஒரு விளக்கக் குறிப்பாக வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் வழக்கமாகக் கேட்பது இரண்டு பேர், வீட்டு வரி ரசீது, ஆதார், பத்திரத்தில் ஃபோட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை. 1978-ல் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, அவர் அண்ணன் ஜாமீன்தாரராக வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைத் தூக்கிப் போட்டு, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பை இன்னும் மாதம் ஒரு தடவையாவது நான் நகல் எடுத்துக்கொண்டு போகிறேன். வெளியூர் ஜாமீன்தாரர் கூடாது என்று இன்றும் சொல்கிறார்கள்.

1 செப்டம்பர்

எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. அடுத்த ஞாயிறு காலை வேன் கொண்டு வருகிறேன். திருத்தச் சீட்டு ஒட்டிய புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில் அப்பா கை பட்டிருக்கிறது. மற்றதை அட்டைப் பெட்டியில் வருஷ வரிசையில் அடுக்கி வைத்தால் போதும். அடியில் வேப்பிலை போடுங்கள், பூச்சி வராது.

1986 தொகுப்பை மட்டும் தனியாக, மேலே வையுங்கள். இப்போது ஒரு பையன் உள்ளே இருக்கிறான், ஜூலை 22 ரிமாண்ட். ரிமாண்ட் நாளும் சேர்த்து இன்று 42. செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை, 61.

20 செப்டம்பர், மதியம்

காலை 10.25-க்கு மனு தாக்கல் செய்துவிட்டேன். அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. இன்னும் பதில் சொல்லவில்லை. பையனின் அம்மா வீட்டு வரி ரசீதோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்.